பின்பக்கத்துச் சோற்றை முன்பக்கம் கொண்டு வாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஹோட்டல், விடுதி, சாப்பாட்டுக்கடை நடத்தும் முதலாளிமாருக்கும், அந்தக் குசினிகளில் அடுப்படியில் நிற்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் கல்லடியில் இருந்து வான் ஓட்டுகிறேன். 16 வருடமாக இதுதான் தொழில். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஆட்களை ஏற்றிப் பாசிக்குடாவில் இறக்குவேன். அங்கிருந்து அறுகம்குடா, உகந்தை, கதிர்காமம் என்று போவேன். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் நம் சனங்களைச் சொந்தக்காரர் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு திரிவேன். சீசன் வந்துவிட்டால் வாரத்தில் நாலைந்து நாள் எனக்கு வெளிச்சாப்பாடுதான். உங்களில் பலருடைய சமையலைச் சாப்பிட்டு வயிறு நிறைந்தவன். சித்திரை லீவு போய்விட்டது; ஆடி, ஆவணிக் கூட்டம் வரப்போகிறது. அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்று கனநாளாக மனதில் கிடந்தது. ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொல்ல ஏலாது என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு, சாரதிமாருக்கு, பின்பக்கம் ஒரு சோறு வைக்கிறீர்களே, அதை முன்பக்கம் வந்து உட்காருகிறவர்களுக்கும் வையுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய விடுதிகளில் குசினிக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு அறை இருக்கும். பிளாஸ்டிக் மேசை, ஒரு மின்விசிறி, தண்ணீர்ப் போத்தல். அங்கே வேலை செய்கிறவர்களும் சாரதிமாரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். முன்னால் கடலைப் பார்த்த மண்டபத்தில் விருந்தாளிகளுக்கு ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், பாஸ்தா, டெவில் சிக்கன் என்று வரிசையாக இருக்கும். ஒரு மூலையில் 'பிஷ் கறி' என்று எழுதிய சட்டி ஒன்று. அதில் உறைப்பும் இல்லை, புளியும் இல்லை, ஊரும் இல்லை. பின்னால் எங்கள் மேசையில் இருப்பது வேறு சமையல். அதை ஆக்குகிறவர் அதே சமையல்காரர்தான். தன் கைக்குப் பழகியதை எங்களுக்கு ஆக்குகிறார், யாரோ எழுதிக் கொடுத்ததை முன்னால் வைக்கிறார்.

போன வருடம் இலண்டனிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் களுவாஞ்சிகுடிக்காரர், சின்ன வயதிலேயே போனவர். இரண்டு பிள்ளைகள். பாசிக்குடாவில் ஒரு விடுதியில் மூன்று நாள் தங்கினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் நான் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சிவப்பரிசிச் சோறு, சுறா வறை, முருங்கையிலைச் சுண்டல், மாங்காய் போட்ட பருப்பு, சின்னக் கோப்பை ஒன்றில் புளியாணம். அந்த வறையைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. சுறாவை அவித்து, தோலும் முள்ளும் எடுத்து, கையால் பூப்போல உதிர்த்து, மஞ்சள், தேங்காய்ப்பூ, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் போட்டு வறுத்திருந்தார்கள். தேங்காய்ப்பூ அடியில் பிடித்துக் கொஞ்சம் சிவந்திருந்தது. அந்தச் சிவந்த இடத்தில்தான் ருசி. மணம் நடைபாதை வழியாக வெளியே போயிருக்க வேண்டும். அவருடைய மூத்த மகள், பதினொரு வயது இருக்கும், வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அப்பம்மா வீட்டு மணம் வருது" என்றாள்.

ஒரு கவளம் குழைத்துக் கையில் வைத்தேன். சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். பிறகு என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து என் கோப்பையிலேயே பாதியைச் சாப்பிட்டு முடித்தாள். குசினிக்குள் நின்ற தம்பி ஒருவர் இதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் வறை கொண்டுவந்து போட்டார்.

அன்று மாலை தகப்பன் போய், நாளைக்கு எங்களுக்கும் அந்தச் சாப்பாடு கிடைக்குமா, காசு எவ்வளவு என்றாலும் தருகிறோம் என்று கேட்டார். கிடைத்த பதில்: "சேர், அது ஸ்டாஃப் சாப்பாடு. கெஸ்ட்டுக்குக் குடுக்க ஏலாது, மெனுவில இல்ல." மரியாதையாகத்தான் சொன்னார்கள். சொன்னவரையும் நான் குறை சொல்லவில்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே கொழும்பில் ஒருவர். ஆனால் ஐயாயிரம் மைலுக்கு மேல் தாண்டி வந்த பிள்ளைக்கு, தன் அப்பம்மா வீட்டு மணம் இருபது அடி தூரத்தில் இருந்தும் மேசைக்கு வரவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் எனக்கு அது ஆறவில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். சாப்பிடும்போது எத்தனையோ பேர் என்னிடம் மனம் விட்டுப் பேசியிருக்கிறீர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு வெறிச்சோடிப் போன அறைகள், அதன் பின்னால் கொரோனா, 2022 இல் கேஸும் இல்லை டீசலும் இல்லை. வங்கிக் கடன் மட்டும் நிற்கவில்லை. இவ்வளவும் பட்டவர்கள் புதிதாக ஒன்றைத் தொடப் பயப்படுவது இயல்புதான். "ஃப்ரைட் ரைஸ் வைத்தால் எவரும் கோபிக்க மாட்டார்கள், திருக்கைக் கறி வைத்தால் ஒருவருக்குப் பிடிக்கும், ஒருவருக்குப் பிடிக்காது" என்று ஒரு முதலாளி என்னிடம் சொன்னார். சரி, அது உண்மை. ஆனால் வானில் என் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். வெள்ளைக்காரரோ, கொழும்புக் குடும்பமோ, கனடாவிலிருந்து வந்த நம் ஆட்களோ, பொலன்னறுவை தாண்டினால் கேட்பது ஒரே கேள்வி: "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலில் உங்கள் கடை இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கொத்து ரொட்டியை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கொத்து நம் கிழக்கில்தான் பிறந்தது என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பழைய கல்லடிப் பாலத்தில் நிலவு நாளில் மீன் பாடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இரவு எட்டு மணிக்குப் பசியோடு இறங்கி வருகிறவர்களுக்குக் கொத்தும் ஃப்ரைட் ரைஸும் தவிர வேறொன்றும் காட்ட முடியவில்லையே என்பதுதான் என் கவலை. அந்தப் பாலம் 1924 இல் வந்தது. அதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பிருந்தே இந்த வாவி நமக்குச் சோறு போடுகிறது. பாலத்துக்குக் கீழேதான் வலை வீசுகிறார்கள். அந்த மீன் எங்கே போகிறது என்று விருந்தாளி கேட்டால் நான் என்ன சொல்வது?

வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதன் இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பது போல, ஒரு கரையில் சூரியன் எழுகிறது, மறு கரையில் படுகிறது. சாப்பாடும் அப்படித்தான் இரண்டு கரையிலிருந்தும் வருகிறது. எழுவான்கரையில் கடல் மீன்: சூடை, கீரி, பாரை, அறக்குளா, சுறா, திருக்கை, கணவாய். படுவான்கரையில் நெல், எருமைத் தயிர், குளத்து விரால், காட்டுத் தேன். நடுவில் வாவியின் இறாலும் நண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போக ஓடத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் அங்கே கறந்த பால் மறுநாள் தயிராகி உங்கள் குசினிக்கு வந்து சேரலாம். பாசிக்குடா விடுதிகளுக்கு வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். பெட்டியில் உறைந்து வரும் மீன் துண்டைத் தேட வேண்டிய ஊர் இது இல்லை.

தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புத் தயிர் என்றால் நாடு முழுக்கத் தெரியும். மண்சட்டியில் உறைந்து, சட்டி தண்ணீரை உறிஞ்சி, கரண்டி வைத்தால் வெட்டி எடுக்கலாம் போல் நிற்கும். மேலே மஞ்சளாக ஒரு ஆடை. அந்த ஆடைக்கு வீட்டில் பிள்ளைகள் சண்டை பிடிக்கும். இதைப் பல விடுதிகள் எப்படிக் கொடுக்கின்றன? பிளாஸ்டிக் கப்பில் கடையில் வாங்கிய யோகட். தேன் கேட்டால் சீனிப்பாகு. மேசைக்கு நடுவில் ஒரு சட்டித் தயிரை வைத்து, பக்கத்தில் தேனும் வாழைப்பழமும் வைத்தால் அந்தப் படத்தை எடுக்காத விருந்தாளி இருக்க மாட்டார். இந்தத் தயிரைத் தருகிற பண்ணையாளர்கள் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக 2023 இல் போராட்டம் தொடங்கியவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்களிடமிருந்து நேராக வாங்கும் ஒவ்வொரு சட்டியும் அவர்களுக்கு ஒரு கைகொடுப்பு.

குடிப்பதற்கும் இதே கதைதான். விருந்தாளி வந்து இறங்கியதும் நீண்ட கிளாஸில் சிவப்பாக ஒரு கோர்டியல் தண்ணீர். அதை நீட்டுகிற பிள்ளை நிற்பது செவ்விளநீர் மரத்தின் நிழலில். நாலு மணித்தியாலம், ஆறு மணித்தியாலம் வெயிலில் வந்தவருக்கு இளநீரை விட என்ன வேண்டும்? ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர் ஒரு குவளை போதும். விளாம்பழம் இருக்கிறது. அந்த நாட்களில் ரோட்டோரம் பாலைப்பழம் வைத்து விற்கிறார்கள். நான் வானை நிறுத்தி வாங்கிக் கொடுத்தால், பால் ஒட்டிய உதட்டைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு விடுதியிலும் நான் அதை மேசையில் கண்டதில்லை.

இனி, கடை என்று பெயர் இல்லாத ஒரு கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவற்குடாப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் ஒரு அக்கா பின்னேரத்தில் பிட்டு அவித்து விற்கிறார். பார்சல் மட்டும்தான். எங்களைப் போல ஓடித் திரிகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. குரக்கன் மாவையும் அரிசி மாவையும் கலந்து, உப்புப் போட்ட சுடுதண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைவார். பிறகு ரின் பேணியின் விளிம்பால் கொத்துவார். அந்தச் சத்தம் ஒழுங்கை முனைக்கே கேட்கும். பெரிய கட்டி ஒன்றும் இல்லாமல் மா மணல் மணலாக வரும்வரை கை நிற்காது. தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டு நீத்துப்பெட்டியில் வைத்து மூடுவார். ஆவி வந்து, ஓலைப்பெட்டியின் மணமும் தேங்காயின் மணமும் ஒன்றாகச் சேரும்போது இறக்குவார். பிட்டுக்கு அன்றைக்கு வாவியில் பட்ட இறாலில் ஒரு கறி, இறால் கிடைக்காவிட்டால் மீன் சொதி.

ஒருநாள் பிரான்சிலிருந்து வந்த சோடி ஒன்றை அங்கே கூட்டிப் போனேன். அக்காவுக்கு முதலில் கூச்சம். "தம்பி, இவங்கள இங்க எங்க இருத்துற?" என்று கேட்டார். பிறகு வீட்டுக்குள்ளே போய் இரண்டு கதிரையை எடுத்து வந்து முற்றத்தில் போட்டார். அலுமாரியில் பூட்டி வைத்திருந்த பூப்போட்ட பீங்கானை எடுத்துக் கழுவினார். அந்த இருவரும் கையால் சாப்பிட்டார்கள். கடைசியில் தயிரும் வாழைப்பழமும் போட்டுப் பிட்டைக் குழைத்துக் காட்டினேன். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். போகும்போது அக்கா வழமையான விலைக்கு மேலே ஒரு ரூபாய் கேட்கவில்லை. அவர்களாகவே கையில் திணித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பாசிக்குடாவில் வேறு ஐந்து பேருக்கு அந்த வீட்டுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள்.

அந்த அக்காவை நீங்கள் உங்கள் விடுதிக்குக் கூப்பிட்டு வேலைக்காரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. அவருடைய பிட்டை வாங்குங்கள், நியாயமான விலை கொடுங்கள், யார் அவித்தது என்று சொல்லிப் பரிமாறுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிறிய விருந்தினர் விடுதி இதைச் செய்கிறது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் காலையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார். விடுதிக்காரர் சொதியும் சம்பலும் மட்டும் செய்கிறார். காலைச் சாப்பாட்டுக்கு அந்த விடுதியில் பாண் மிஞ்சிக் கிடக்கிறது, இடியப்பம் மிஞ்சுவதில்லை. கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கிற பெண்கள் விடிய மூன்று மணிக்கு எழும்பி, எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். அந்தக் கணக்கில் ஐந்து பத்து ரூபாய் கூடினால் உங்கள் கடை மூழ்கிவிடாது. அவர்கள் வீட்டில் பிள்ளைக்கு ஒரு கொப்பி கூடும்.

வடக்கில் அம்மாச்சி உணவகங்களுக்குப் போயிருப்பீர்கள். தெற்கில் ஹெல போஜுன் என்ற பெயரில் நடப்பவையும் அதே மாதிரித்தான். விவசாயத் திணைக்களம் இடத்தைக் கொடுக்கிறது. பெண்கள் நம் கண்ணுக்கு முன்னால் சுட்டும் அவித்தும் தருகிறார்கள். வரிசையில் நின்று வாங்குகிறார்கள் சனம். பளிங்குத் தரையும் குளிரூட்டியும் இல்லாமல் நம் சாப்பாடு விலைபோகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

காத்தான்குடிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை, உங்களுக்கு என் நன்றிதான். பேரீச்சை மரம் நிற்கும் அந்தப் பிரதான வீதியில் பின்னேரம் இறக்கிவிட்டால் என் ஆட்கள் திரும்பி வர இரண்டு மணித்தியாலம் ஆகும். தொதல், மஸ்கட், வட்டிலப்பம், சுடச்சுட முட்டை ரொட்டி. விலையைக் கேட்டால் கடைக்காரக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) முதலில் ஒரு துண்டு வெட்டி நம் வாயில் போட்டுவிட்டுத்தான் விலையே சொல்வார். ஒன்றே ஒன்று: சவன் என்ற பெரிய தட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் சோறு கலியாண வீட்டுக்கும் கந்தூரிக்கும் மட்டும் என்று ஆகிவிட்டது. முன்கூட்டிச் சொன்னால் ஒரு குடும்பத்துக்குச் சவன் வைத்துக் கொடுக்க யாராவது முன்வந்தால், நானே மாதத்தில் நாலு குடும்பம் கொண்டுவருவேன். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுக் கடைக்காரர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

அறுகம்குடாவில் நிலைமை வேறு. சித்திரையிலிருந்து ஐப்பசி வரை அலைச்சறுக்குக்கு வரும் பிள்ளைகள் அங்கே மாதக்கணக்கில் தங்குகிறார்கள். முதல் வாரம் பீட்சாவும் பான்கேக்கும் சாப்பிடுவார்கள். மூன்றாவது வாரம் பொத்துவில் பஸ் நிலையத்துப் பக்கம் சோற்றுக்கடை தேடி சைக்கிளில் போகிறார்கள். அவர்களே அவ்வளவு தூரம் தேடிப் போகிறார்கள் என்றால், கடற்கரையிலேயே ஒரு கடை சோறும் ஐந்து கறியும் வைத்தால் என்ன?

நாட்களைப் பற்றியும் பேச வேண்டும். இந்தச் சித்திரை வருடப் பிறப்பன்று கண்டியிலிருந்து ஒரு குடும்பம், மூன்று சின்னப் பிள்ளைகள். நம் கடைகள் எல்லாம் பூட்டு. பூட்டத்தான் வேண்டும், நமக்கும் வருடம் பிறக்கிறது, கைவிசேடம் வாங்க வேண்டும், பொங்க வேண்டும். ஆனால் கல்லடியிலிருந்து வழி நெடுகத் தேடியும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாய் சோறு கிடைக்கவில்லை. கடைசியில் முஸ்லிம் சனங்கள் வாழும் ஏறாவூரில் ஒரு கடை திறந்திருந்தது. அங்கே சாப்பிட்டோம். அதே போல நோன்புப் பெருநாளன்று அந்தப் பக்கம் பூட்டு, நம் பக்கம் திறப்பு. லீவு நாட்களில்தான் கூட்டம் வருகிறது, லீவு நாட்களில்தான் நாமும் பூட்டுகிறோம். கடைக்காரர்கள் உங்களுக்குள் பேசி, எந்தப் பெருநாளுக்கு எந்த ஊரில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதி எங்கள் வான் தரிப்பிடத்தில் ஒட்டினால் போதும். அரச கச்சேரிக்குப் போகவும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம்.

மெனுவில் பெயரை மாற்றாதீர்கள். பீட்சாவைப் பீட்சா என்றுதான் எழுதுகிறீர்கள். சொதியை ஏன் 'கோகனட் மில்க் கிரேவி' என்று எழுத வேண்டும்? சொதி, புளியாணம், வறை, சுண்டல், கட்டைச்சம்பல் என்று நம் பெயரிலேயே தமிழில் முதலாவதாக எழுதி, கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதே ஒலியில் எழுதுங்கள். அது என்னவென்று கேட்பார்கள். பரிமாறுகிற பிள்ளை சொல்லட்டும். அந்தப் பேச்சில்தான் சிநேகம் பிறக்கிறது. உறைப்புக்குப் பயந்து கறியைத் தண்ணீராக்க வேண்டாம். கறியை அளவாக வையுங்கள், கட்டைச்சம்பலைத் தனியே சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், பக்கத்தில் தயிர் வையுங்கள். உறைப்பு வேண்டியவர் சேர்த்துக்கொள்வார், முடியாதவர் தயிரைத் தொட்டுக்கொள்வார்.

கோப்பைக்கு மேலே லஞ்ச் சீட் விரித்துச் சாப்பாடு போடுவதையும் விடுங்கள். 2017 இல் தடை வந்தும் இன்னும் பல கடையில் அதுதான். சுடுசோறு பொலித்தீனில் படும்போது வரும் மணம் உங்களுக்குப் பழகிவிட்டது, வெளியாருக்குப் பழகவில்லை. கோயில் அன்னதானத்துக்கு நாம் தாமரை இலையில் போடுகிறோம். குளம் நிறைய இலை இருக்கிறது. வாழை இலையும் இருக்கிறது.

நண்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். வாவியில் பிடிபடும் பெரிய நண்டெல்லாம் சிங்கப்பூருக்கு என்று எடுத்துப் போகிறார்கள், அதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் சீசன் நாட்களில் நண்டுக்கு ஆள் கூடியதும், கைக்கு வந்ததையெல்லாம் வாங்கிவிடுகிறீர்கள். வயிற்றில் சினையோடு இருப்பதை வாங்காதீர்கள், பிடித்தவரிடம் திருப்பி வாவியில் விடச் சொல்லுங்கள். கிடைக்காத நாளில் "இன்றைக்கு நண்டு இல்லை" என்று எழுதி வையுங்கள். இல்லை என்று சொல்லும் கடையை ஆட்கள் நம்புகிறார்கள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அப்புறம் கமிஷன். ஆட்களைக் கொண்டுவரும் சாரதிக்கு ஒரு தொகை கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. நானும் வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. அந்தக் காசு கடைசியில் விருந்தாளியின் பில்லில்தான் ஏறுகிறது, அல்லது கறியில் மீன் துண்டு குறைகிறது. எனக்கு அது வேண்டாம். நல்ல சோறு வைத்தால் கமிஷன் இல்லாமலே கொண்டுவருவேன். என்னோடு தரிப்பிடத்தில் நிற்கும் இன்னும் சிலர் இதையே சொல்கிறார்கள். அந்தக் காசை மீன் கொண்டுவருகிறவருக்குக் கூட்டிக் கொடுங்கள்.

நம் சனத்துக்குச் சாப்பாடு போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் நம் ஊர்களைக் கடக்கும்போது பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கோயில் வாசலிலும் அடுப்பு மூட்டிக் கிடாரம் வைத்து, முகம் தெரியாதவர்களைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துச் சோறு போடுகிறோம். திருக்கோவில் தாண்டி, பொத்துவில் தாண்டி, உகந்தையில் காட்டுக்குள் இறங்கும்வரை அவர்கள் ஒரு வேளை பட்டினி கிடப்பதில்லை. அதில் வைக்கும் பூசணிக்காய்க் கறியையும் கத்தரிக்காய்க் குழம்பையும் சாப்பிட்ட ஒரு ஜெர்மன்காரர், இது எந்த ஹோட்டல் சமையல் என்று என்னிடம் கேட்டார். ஹோட்டல் இல்லை, ஊர் என்றேன். அப்படியானால் ஹோட்டலில் ஏன் இல்லை என்று கேட்டார். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலில் தீர்த்தம். அதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த இலண்டன் குடும்பம் திரும்ப வருகிறது. இந்த முறை அப்பம்மாவையும் கூட்டி வருகிறார்கள். மொத்தம் ஏழு பேர், நாலு நாள். தீர்த்தத்தன்று மரக்கறி, மற்ற மூன்று நாளும் மீன். பிள்ளை சுறா வறைதான் வேண்டும் என்று இப்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். பாசிக்குடாவிலோ மட்டக்களப்பு நகரிலோ எந்த விடுதியில் இறக்குவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. மண்டபத்து மேசையில் அந்தச் சோற்றை வைக்கக்கூடியவர் யாரும் இருந்தால், கல்லடிப் பாலத்தடியில் நிற்கும் வான்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். எனக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
கல்லடி வான் சாரதி ஒருவர்